அல்லி ராஜ்ஜியம்னு சொன்னா நாம தலை குனிய வேண்டாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலைதான் என் வேலை. மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. "இதிகாசத்தில் பெண்கள்"னு ஒரு தலைப்பு கொடுத்து, பத்து நிமிஷம் பேசணும்னு செயலாளர் அக்கா சொன்னாங்க. சீதையைப் பத்தியும் திரௌபதியைப் பத்தியும் எல்லாரும் பேசுவாங்க. அதனால நான் நம்மள எல்லாரும் கிண்டல் பண்ணக் கூப்பிடுற ஒரு பேரைப் பத்திப் பேசலாம்னு நினைச்சேன். அதுதான் அல்லி ராஜ்ஜியம்.

நாம குழுக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது தெருவில் என்ன சொல்லுவாங்க? "என்னளா, அல்லி ராஜ்ஜியம் நடத்தக் கிளம்பிட்டியளா?" வீட்டில் நாம ஒரு முடிவு எடுத்தா, "இங்க அல்லி தர்பார்லா நடக்கு" என்பாங்க. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்து, "உங்க வீட்டில் மதுரையா, சிதம்பரமா?"ன்னு கேட்பாங்க. மதுரைன்னா மீனாட்சி ஆட்சி, வீட்டுக்காரி சொல்றதுதான் நடக்கும். சிதம்பரம்னா நடராசர் ஆட்சி, வீட்டுக்காரர் சொல்றது நடக்கும். மதுரைன்னு சொன்ன மாப்பிள்ளையைப் பார்த்து எல்லாரும் சிரிப்பாங்க. இந்தப் பேச்சு எல்லாமே ஒரே இடத்தைத்தான் காட்டுது. அது பாண்டிய நாடு, நம்ம நாடு.

முதல்ல அல்லி கதையைச் சொல்லுதேன். சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிஞ்சிருக்காது. எங்க ஆச்சி காலத்தில் திருவிழாக் கடையில் "பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை"ன்னு புத்தகம் விப்பாங்க. புகழேந்திப் புலவர் பேர் போட்டிருக்கும். படிக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தர் ராகம் போட்டு வாசிப்பாங்க, மத்தவங்க சுத்தி உட்கார்ந்து கேட்பாங்க. எங்க ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது, ஆனா கதை முழுசும் மனப்பாடம்.

பிள்ளை இல்லாத பாண்டிய ராசாவுக்கு அல்லிப் பூவில் ஒரு பெண் குழந்தை கிடைக்குது. அதனால அல்லின்னு பேர். அவ வளர்ந்து, நாட்டை அபகரிச்சு வச்சிருந்தவனோட படை திரட்டிச் சண்டை போட்டு, ஜெயிச்சு, மதுரையில் சிம்மாசனம் ஏறுதா. அவ அரசாட்சியில் மந்திரி பெண், காவல் பெண், படையும் பெண். ஆண் வாசனையே இல்லாத அரண்மனை. பஞ்ச பாண்டவர்ல அர்ச்சுனன் இவளைப் பத்திக் கேள்விப்பட்டு, அவளைக் கல்யாணம் பண்ணணும்னு மதுரைக்கு வாரான். கேட்டுப் பார்த்தா நடக்காது. அதனால கண்ணன் பாம்பாட்டியா வேஷம் போட்டு, அர்ச்சுனனைப் பாம்பா மாத்தி அரண்மனைக்குள்ள கொண்டு போறார். பாம்பாட்டம் பார்த்த அல்லிக்கு அந்தப் பாம்பு பிடிச்சுப் போகுது, தன்கிட்டயே வச்சுக்கிடுதா. ராத்திரி அவ நல்லாத் தூங்கும்போது அர்ச்சுனன் அவ கழுத்தில் தாலியைக் கட்டிட்டுப் போயிடுதான். காலையில் எழுந்து பார்த்தா கழுத்தில் தாலி! கட்டினது யாருன்னே தெரியாது.

அப்புறம் கோபம், சண்டை, சூழ்ச்சி எல்லாம் நடந்து கடைசியில் அவ அர்ச்சுனன் பெண்டாட்டி ஆகுதா. புலந்திரன்னு ஒரு மகன் பிறக்கான். அவன் பவளத் தேர் வேணும்னு அழ, பவளம் தேடிப் போன அர்ச்சுனன் அங்க பவளக்கொடியைக் கல்யாணம் பண்ணுதான். அது தனிக் கதை. சங்கரதாஸ் சுவாமிகள் இந்த ரெண்டு கதையையும் நாடகமா எழுதினார். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், 1922-ல் காலமானார். நம்ம பக்கத்துக் கோயில் கொடைகளில் விடிய விடிய நடந்த நாடகம் அதெல்லாம். பவளக்கொடி 1934-ல் சினிமாவாவும் வந்தது. தியாகராஜ பாகவதருக்கு அதுதான் முதல் படம்.

இந்தக் கதை வியாசர் எழுதின மகாபாரதத்தில் உண்டான்னா, அல்லி பேர் அதில் இல்லை. ஆனா அதுக்கு மூலம் போல ஒரு கதை இருக்கு. அர்ச்சுனன் தீர்த்த யாத்திரை வரும்போது தெற்கே ஒரு ராஜ்ஜியத்துக்கு வாரான். அந்த ராசா பேர் சித்திரவாகனன், மகள் சித்திராங்கதை. வடக்கே உள்ள ஏடுகளில் அந்த ஊர் பேர் மணிபுரம்னு இருக்கு. அதனால மணிப்பூர் மாநிலத்துக்காரங்க அது எங்க ஊர்தான்னு சொல்லுதாங்க. தென்னாட்டு ஏடுகளில் அது மணலூர், ராசா பாண்டியன். வில்லிபுத்தூரார் தமிழில் பாடின பாரதத்திலும் சித்திராங்கதை பாண்டியன் மகள்தான். மதுரைக்குக் கிழக்கே, கீழடிக்குப் பக்கத்தில் இன்னைக்கும் மணலூர்னு ஓர் ஊர் இருக்கு. கீழடியோட சேர்த்து கொந்தகை, அகரம், மணலூர்னு அங்கேயும் தொல்லியல் துறையினர் குழி தோண்டி ஆராய்ச்சி பண்ணினாங்க. கதையில் வர்ற மணலூர் இதுதானான்னு மண்ணைத் தோண்டி நிரூபிக்க முடியாது. ஆனா அந்தப் பேர் நம்ம மக்கள் வாயில் அழியாம இருக்கு.

சித்திராங்கதை கதையில் ஒரு விஷயம் நாம கவனிக்கணும். அவ அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. அர்ச்சுனன் பெண் கேட்டதும் அவர் ஒரு நிபந்தனை போடுதார்: "என் மகளுக்குப் பிறக்கிற பையன் உங்க வம்சத்துக்குப் போகக் கூடாது, எனக்கு வாரிசா இங்கேயே இருக்கணும்." அர்ச்சுனன் சம்மதிச்சு மூணு வருஷம் அங்க இருக்கான். அப்புறம் கிளம்பிப் போயிடுதான். மகன் பப்ருவாகனன் அம்மா கையிலயே வளருதான். ரொம்ப நாள் கழிச்சு, அசுவமேதக் குதிரைக்குக் காவலா அர்ச்சுனன் மறுபடி அந்த ஊருக்கு வாரான். மகன் மரியாதையா எதிர்கொண்டு போய் நிக்கான். "நான் படையோட வந்திருக்கேன், சண்டை போடாம கும்பிட்டுக்கிட்டு நிக்கியா"ன்னு அப்பா ஏசுதான். சண்டை நடக்கு. மகன் அம்பில் அர்ச்சுனன் விழுந்துடுதான். நாகராசன் மகள் உலூபிதான் மணியைக் கொண்டு வந்து உயிர் கொடுக்கா.

மகள் ராஜ்ஜியத்துக்கு வழி ஆனாளே தவிர, ராஜ்ஜியம் அவளுக்குக் கிடைக்கலை. பேரனுக்குத்தான் போச்சு. நம்ம வீடுகளில் ரொம்ப நாள் நடந்ததும் இதுதான். "மகளுக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, நிலத்தில் என்ன பங்கு?" தமிழ்நாட்டில் 1989-ல் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள உரிமை மகளுக்கும் உண்டுன்னு கொண்டு வந்தாங்க. 2005-ல் நாடு முழுசுக்கும் அது சட்டம் ஆச்சு. சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆகியும், "அண்ணன் தம்பி உறவு போயிரும்"னு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவங்க நம்மள்ல எத்தனை பேர்! கை தூக்க வேண்டாம், மனசுக்குள்ள நினைச்சுக்கிடுங்க.

இதுக்கும் நம்ம தென்காசிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. மகாபாரதப் போரில் பாண்டிய ராசா பாண்டவர் பக்கம் நின்னு சண்டை போட்டு, அசுவத்தாமன் கையால் செத்ததா கர்ண பருவத்தில் வருது. அந்தக் கதையைப் பாண்டியர்கள் தங்கள் பெருமையாவே வச்சிருந்தாங்க. சின்னமனூரில் கிடைச்ச செப்பேட்டில், மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கினது எங்க வம்சம்னு எழுதி வச்சிருக்காங்க. அது ஆயிரம் வருஷத்துக்கு முந்தின செப்பேடு. அந்தப் பாண்டியர்கள் மதுரையை விட்ட பிறகு கடைசியா வந்து ஆண்ட இடம் நம்ம தென்காசி. பராக்கிரம பாண்டியன் 1446-ல் காசி விசுவநாதர் கோயில் வேலையைத் தொடங்கினார். காசிக்குப் போக முடியாதவங்களுக்கு இங்கேயே காசி. கோபுரம் பிற்காலத்தில் சிதைஞ்சு, ரொம்ப காலம் மொட்டையா நின்னு, 1990-ல்தான் திரும்ப எழுந்தது. இந்தக் கோயிலைப் பிற்காலத்தில் பழுது பார்த்துக் காப்பாத்துறவங்க காலில் நான் இப்பவே விழுந்து கும்பிடுறேன்னு அந்த ராசா கல்வெட்டில் வெட்டி வச்சிருக்கார். ராசாவே பின்னால வாரவங்களைக் கும்பிட்டார்னா, கட்டுறது பெரிசில்லை, காப்பாத்துறதுதான் பெரிசுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. குழு நடத்துற நமக்கும் அது தெரியும். ஆரம்பிச்ச குழுவெல்லாம் இன்னைக்கு இருக்கா?

அதே வம்சத்தில் வந்தவர் அதிவீரராம பாண்டியர். பள்ளிக்கூடத்தில் நாம படிச்ச வெற்றி வேற்கை அவர் எழுதினது. அவர் எழுதின பெரிய நூல் நைடதம், நளன் தமயந்தி கதை. அதுவும் மகாபாரதத்துக்குள்ள வர்ற கதைதான். நளன் சூதாட்டத்தில் நாட்டைத் தோத்துக்கிட்டே இருக்கான், யார் சொல்லியும் கேட்கலை. இனி மிஞ்சாதுன்னு தெரிஞ்சதும் தமயந்தி என்ன பண்ணினா? தேர்ப்பாகனைக் கூப்பிட்டு, ரெண்டு பிள்ளைகளையும் தன் அப்பா வீட்டுக்கு முதல்ல அனுப்பி வச்சிட்டா. நாடு போச்சு, பிள்ளைகள் பிழைச்சது. இப்பவும் சீட்டாட்டத்திலயும் செல்போன் ரம்மியிலயும் வீட்டுப் பணம் போகுது. அந்த வீடுகளில் பிள்ளைகளைக் காப்பாத்துறது தமயந்திகள்தான். அதுக்கு அவளுக்குன்னு ஒரு சேமிப்புப் புத்தகம் வேணும்.

பாண்டிய நாட்டுப் பெண் அரசைப் பத்தி வெளிநாட்டுக்காரங்களும் எழுதியிருக்காங்க. சுமார் 2,300 வருஷத்துக்கு முன்னால மெகஸ்தனிஸ்னு ஒரு கிரேக்கத் தூதர் வடக்கே சந்திரகுப்த மௌரியர் அரசவைக்கு வந்தார். அவர் கேள்விப்பட்டு எழுதினதா சொல்ற கதை இது. ஹெராக்ளிஸ்ங்கிற அவங்க சாமிக்குப் பாண்டையான்னு ஒரு மகள். தெற்கே கடல் வரைக்கும் உள்ள நாட்டை அவளுக்குக் கொடுத்தாராம். அந்த நாட்டில் 365 ஊர். ஒரு நாளைக்கு ஒரு ஊர்னு முறை வச்சு அரண்மனைக்கு வரி கட்டணும். எதுக்கு இந்த முறைன்னா, வரி கட்டாத ஊர்க்காரங்ககிட்ட வசூல் பண்ண, அன்னைக்கு முறை வந்து கட்டின ஊர்க்காரங்க ராணிக்குத் துணையா இருப்பாங்களாம். இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இது நம்ம உள்கடன் வசூல் மாதிரியேல்லா இருக்கு! தவணை தவறினவங்க வீட்டுக்கு ஊக்குநர் தனியாப் போனா ஏச்சுத்தான் கிடைக்கும். அந்த மாசம் ஒழுங்காக் கட்டின நாலு பேர் கூடப் போய், வாசல்ல நின்னு சத்தம் போடாம, உள்ள உட்கார்ந்து "என்ன கஷ்டம்"னு கேட்டா, பாதிப் பணமாவது வரும்.

பிளினின்னு ஒரு ரோமாபுரிக்காரரும், இந்தியாவில் பெண்கள் ஆளுறது பாண்டையர் நாடு ஒண்ணுதான்னு எழுதி வச்சிருக்கார். அவங்க எழுதினது எவ்வளவு சரி, எவ்வளவு கற்பனைன்னு பிரிக்கிறது படிச்சவங்க வேலை. ஆனா "தெற்கே பெண் ஆளுற நாடு"ங்கிற பேச்சு கடல் தாண்டிப் போயிருக்கு. வடக்கே ஜைமினி பாரதத்திலும் பிரமீளைன்னு ஒரு ராணி வாரா. அவ நாட்டில் பெண்கள் மட்டும்தான். அர்ச்சுனனோட அசுவமேதக் குதிரையைப் பிடிச்சுக் கட்டிப் போட்டவ அவ.

நம்ம மதுரை மீனாட்சியும் அப்படித்தான். திருவிளையாடல் புராணத்தில் அவ பேர் தடாதகைப் பிராட்டி, மலையத்துவச பாண்டியன் மகள். பட்டம் கட்டி, படை நடத்தி, திசையெல்லாம் ஜெயிச்ச பிறகுதான் கல்யாணம். இன்னைக்கும் சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் பண்ணிச் செங்கோல் கொடுக்கிறாங்க. சித்திரையில் இருந்து ஆவணி வரைக்கும் மதுரையில் அம்மன் ஆட்சி. ஆவணி மூலத்தில் சுவாமிக்குப் பட்டம். பன்னிரண்டு மாசத்தில் நாலு மாசம் அவ, எட்டு மாசம் அவர். சாமி வீட்டிலயே முறை வச்சு நடத்துறாங்க. மதுரையா சிதம்பரமான்னு இனி யாராவது கேட்டா, "எங்க வீட்டில் மதுரைதான், முறை போட்டு நடத்துறோம்"னு சொல்லுங்க.

சரி, இவ்வளவு பெரிய கதை இருந்தும் அல்லின்னு சொன்னா ஏன் ஏச்சா இருக்கு? நான் யோசிச்சுப் பார்த்தேன். கதை கேட்டவங்க, அல்லி நாட்டை மீட்டதையும் நடத்தினதையும் மறந்துட்டாங்க. அவளை எப்படி அடக்கினாங்கங்கிறதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டாங்க. நாடகத்திலும் அந்தப் பாம்பு சீனுக்குத்தான் கைதட்டு. தூங்குறவ கழுத்தில் அவளுக்குத் தெரியாம தாலி கட்டினது சாமர்த்தியம்னு பேர் வாங்கிட்டு. எங்க ஆச்சி மட்டும் அந்த இடம் வரும்போது, "பாவம், தூங்கிட்டாளே"ன்னு சொல்லிட்டு வெத்தலையை மென்னுக்கிட்டே கொஞ்ச நேரம் பேசாம இருப்பா.

நான் இன்னைக்கு முக்கியமாச் சொல்ல வந்தது இந்தத் தூக்கத்தைப் பத்தித்தான். தூங்கும்போது கட்டுற தாலி அல்லியோட முடியலை.

எங்க குழுவில் ஓர் அக்கா. பேர் வேண்டாம். வங்கிக் கடன் வந்தப்போ தன் பங்கா 50,000 ரூபாய் கேட்டாங்க, ஆடு வாங்கன்னு. விண்ணப்பத்தில் எல்லாம் எழுதி, கையெழுத்துப் போடுற இடத்தில் பென்சிலால் புள்ளி வச்சு வீட்டில் இருந்து கொண்டு வந்தாங்க. "எத்தனை ஆடு வாங்கப் போறிய?"ன்னு கேட்டோம். பதில் இல்லை. "மேய்ச்சலுக்கு எங்க போவிய?" பதில் இல்லை. "இதில் என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"ன்னு கேட்டதும் அழுதுட்டாங்க. கொழுந்தனார் வண்டிக் கடனுக்குத் தவணை பாக்கி, அதைக் கட்டத்தான் இந்தப் பணம். பணம் வாங்குறது ஒருத்தர், திருப்பிக் கட்டுறது பீடி சுத்துற இந்த அக்கா. ஆயிரம் பீடி சுத்தினா என்ன கிடைக்கும்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

குழுவில் ரொம்ப நேரம் பேசினோம். முழுசா மறுத்தா வீட்டில் அவங்களுக்குத்தான் கஷ்டம். கடைசியில் 20,000 ரூபாய், ஆட்டுக்கு மட்டும், சந்தைக்கு ரெண்டு உறுப்பினர் கூடப் போறதுன்னு தீர்மான நோட்டில் எழுதினோம். அவங்க வீட்டில் பெரிய கோபம். "நாலு பொம்பளை சேர்ந்து எங்க குடும்பத்துக் கணக்கைக் கேட்கியளா? அல்லி ராஜ்ஜியமா?"ன்னு தெருவில் நின்னு ஏசினாங்க. அந்த அக்கா நாலு மாசம் கூட்டத்துக்கு வரலை. சேமிப்பை மட்டும் மகள்கிட்டக் கொடுத்து விடுவாங்க. அந்த நாலு மாசமும் நாம செஞ்சது சரியா, அந்த வீட்டில் சண்டையை இழுத்து விட்டுட்டோமான்னு எங்களுக்குள்ளயே பேச்சு. அஞ்சாவது மாசம் அவங்களே வந்தாங்க. வாங்கினதில் ஓர் ஆடு செத்துட்டு, மத்தது குட்டி போட்டிருக்கு. தவணைப் பணத்தை எண்ணி வச்சிட்டு, "அந்தப் பாரத்தை எனக்கு ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க"ன்னு சொன்னாங்க. வாசிச்சோம். வட்டி என்ன, தவணை எத்தனை, எல்லாம் கேட்டாங்க. இப்போ எங்க குழுவில் யார் கடன் வாங்கினாலும் பாரத்தைச் சத்தமா வாசிக்கச் சொல்றது அவங்கதான்.

ரெண்டாவது, எங்க வீட்டுக் கதை. நான் பத்தாம் வகுப்பில் 500-க்கு 412 மார்க். பிளஸ் ஒன் சேரணும்னு ஆசை. மேல படிக்க வைக்கலை. கொஞ்ச நாளில் திண்ணையில் உட்கார்ந்து பெரியவங்க எனக்குக் கல்யாணம் பேசி முடிச்சாங்க. நான் உள்ள பீடி சுத்திக்கிட்டு இருந்தேன். காபி கொண்டு வரச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்கலை. எங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷர், இன்னைக்கு இந்த விழாவுக்கும் அவர்தான் வண்டியில் கொண்டு வந்து விட்டார். அது என் நல்ல காலம். ஆனா நல்ல காலத்தை நம்பி ஒரு பிள்ளையைக் கட்டிக் கொடுக்க முடியாது.

இப்போ என் மகள் பிளஸ் ஒன் படிக்கா. போன சாரல் சீசனில் ஐந்தருவிக்குக் குளிக்க வந்த சொந்தக்காரங்க ஒருத்தர், "பையன் வெளிநாட்டில் இருக்கான், இப்பவே பேசி வச்சுக்கிடுவோம், பதினெட்டு ஆகட்டும்"னு ஆரம்பிச்சாங்க. எங்க அத்தைக்கும் ஆசைதான். நான் மகளை முன்னால கூப்பிட்டு, "உன்னைப் பத்தித்தான் பேசுதாவ, நீ என்ன சொல்லுத?"ன்னு கேட்டேன். அவ நர்ஸுக்குப் படிக்கணும்னு சொன்னா. வந்தவங்களுக்கு முகம் மாறிட்டு. எங்க அத்தை ரெண்டு நாள் என்கிட்டப் பேசலை. மூணாவது நாள், "என்னையும் இப்படி ஒருத்தர் கேட்டிருந்தா..."ன்னு பாதி சொல்லி நிறுத்திட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டாங்க. அவங்களும் தூங்கும்போது தாலி ஏறினவங்கதானே.

நம்ம குற்றாலத்துச் சிங்கியையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடின குறவஞ்சியில் வாரவ. ஊர் ஊராப் போய்க் குறி சொல்லி, தன் வாய்த் திறமையால் நகை சம்பாதிச்சு வாரா. தேடி வந்த சிங்கன் அவ காலையும் கையையும் பார்த்து, இது என்ன, அது என்னன்னு கேள்வி மேல கேள்வி கேட்கான். அவ பயப்படாம ஒவ்வொண்ணுக்கும் கணக்குச் சொல்லுதா. சம்பாத்தியம் அவளோடது, கணக்கும் அவ வாயில் இருக்கு. அல்லி மாதிரி ஆண்களே வேண்டாம்னு சொல்லவும் இல்லை. சண்டை போட்டுக்கிட்டே சிங்கனோட சந்தோஷமாத்தான் இருக்கா. நமக்குச் சிங்கி வழியும் நல்ல வழிதான்.

நம்ம அம்மாமார் காலத்தில் இதெல்லாம் நடக்குமா? தமிழ்நாட்டில் இந்தக் குழு முறை 1989-ல் தருமபுரியில் தொடங்கினது. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களுக்கு வங்கிக் கடன் கொடுத்துப் பார்க்கலாம்னு முதல்ல ஆரம்பிச்சது. இன்னைக்குக் குழு இல்லாத ஊர் இல்லை. ஊராட்சியில் பாதி இடம் பெண்களுக்குன்னு ஒதுக்கியாச்சு. சிம்மாசனம் கொடுத்தாச்சு. ஆனா தலைவி நாற்காலியில் அவ வீட்டுக்காரர் உட்கார்ந்தா, அதுவும் தூங்கும்போது நடக்கிற காரியம்தான்.

அதனால நம்ம கூட்டமைப்பு முன்னால மூணு காரியம் வைக்கிறேன். எங்க குழுவில் இது மூணும் தீர்மானமா எழுதி நடத்துறோம்.

முதலாவது, கடன் பாரம் எதுவா இருந்தாலும், குழுவில் சத்தமா வாசிச்சு, தொகை, வட்டி, தவணை மூணையும் வாங்குறவங்க தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் கையெழுத்து. படிக்கத் தெரியாதவங்களும் சொல்லலாம். எங்க ஆச்சி அல்லி கதையையே மனப்பாடமாச் சொன்னாங்க, மூணு எண் சொல்றது பெரிய காரியமா?

ரெண்டாவது, பதினெட்டு வயசு ஆகாத பெண் பிள்ளைக்குக் கல்யாணச் செலவுன்னு குழுப் பணத்தில் ஒரு ரூபாய் கூடக் கடன் கிடையாது. நம்ம சேமிப்பு அந்தத் தாலிக்குப் போகக் கூடாது. அப்படி ஒரு பேச்சு நடக்குன்னு தெரிஞ்சா 1098-க்குச் சொல்லலாம். சொன்னவங்க பேர் வெளியே வராது. படிப்புக்குன்னா முதல் உரிமை அந்தப் பிள்ளைக்குக் கொடுப்போம்.

மூணாவது, நம்ம பிள்ளையைப் பத்தின எந்தப் பேச்சையும் அவளை உள்ள வச்சுக்கிட்டுத் திண்ணையில் பேச வேண்டாம். அவளையும் உட்கார வச்சுப் பேசுவோம். அவ சொல்றது சரியோ தப்போ, கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுவோம். இது சட்டமா எழுதுற காரியம் இல்லை, ஒவ்வொருத்தரும் வீட்டில் செய்ய வேண்டியது.

அல்லி பெரிய வீரி. ஆனா அவ ராஜ்ஜியத்தில் ராணி தூங்கினப்போ முழிச்சு இருக்க ஒருத்தரும் இல்லை. நம்ம குழுவில் இருபது பேர் இருக்கோம். ஒருத்தி அசந்து தூங்கினா இன்னொருத்தி முழிச்சிருந்து எழுப்புவோம். இனி தெருவில் யாராவது அல்லி ராஜ்ஜியம்னு சொன்னா தலை குனிய வேண்டாம். "ஆமா, கணக்கெல்லாம் சரியா இருக்கு, வந்து பாருங்க"ன்னு தீர்மான நோட்டைக் காட்டுங்க.